இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம்

9-6-1996

அன்புள்ள நெட்டை அக்காவுக்கு,

நீ நலமா? உன் அம்மா நலமா? பாப்பாத் தம்பி நலமா? கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொன்னார்கள். தொடங்கிவிட்டேன். இனி என் இஷ்டம்.

நான் எழுதுவதையெல்லாம் சிஸ்டர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார்களாம். அதனால் சிஸ்டருக்கும் இந்த இடத்திலேயே ஒரு வணக்கம்.

நீ போன அன்று எல்லாரும் கேட்டில் நின்று வழியனுப்புப் பாட்டுப் பாடினோம் அல்லவா? நான் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். ஆட்டோ திரும்பியதும் பொடிசுகள் எல்லாம் கை தட்டின. நம் இல்லத்தில் ஒருத்தியை அவள் அம்மாவே வந்து கூட்டிக்கொண்டு போவதை அவர்கள் அன்றைக்குத்தானே முதல்முறையாகப் பார்த்தார்கள்!

உன் கட்டிலைப் புதிதாக வந்த ஒருத்திக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். அந்த இடத்தில் கூரை ஒழுகும் என்று சொல்லிவிட்டேன். (சிஸ்டர், மழை பெய்யட்டும், அப்போது தெரியும்.)

எனக்கு நிறையச் சந்தேகங்கள் இருக்கின்றன. அங்கே காலையில் மணி அடிப்பது யார்? நீ 'அம்மா' என்று கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார்களா, இல்லை இரண்டு முறை கூப்பிட வேண்டுமா? எதையும் விடாமல் எழுது.

இப்படிக்கு,
உன் வாயாடி

2-7-1996

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தைத் தம்பி வாயில் வைத்து ஒரு மூலையைத் தின்றுவிட்டான். மீதியை நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். எனக்கென்று தனியாக அறை இருக்கிறது. அதில் ஜன்னல் இருக்கிறது. அடுப்பும் அங்கேதான் இருப்பதால் குளிரே தெரியாது. மணி அடிக்க யாரும் இல்லை. ஆனால் நம் மணி அடிக்கிற நேரத்துக்குத் தானாகவே கண் விழித்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்து, நீங்கள் எல்லாரும் முகம் கழுவ வரிசையில் நிற்பதை நினைத்துக்கொள்வேன்.

ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அம்மா இஸ்திரி போடுகிறார்கள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அம்மாவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். எப்போதாவதுதான் வருவார். "சித்தப்பான்னு கூப்பிடு, போதும்" என்றார். நல்லவர்தான், அதிகம் பேச மாட்டார்.

தம்பி இப்போது தவழ்கிறான். என் தோளில் போட்டால்தான் தூங்குவான்.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டு முறை கூப்பிட வேண்டும். முதல்முறை கூப்பிடும்போது என் குரல் சரியாக வருவதில்லை.

கணக்கில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது? நேரம் கிடைத்தால் இரண்டு கணக்கு எழுதி அனுப்பு. சும்மா, ஆசைக்கு.

அன்புடன்,
நெட்டை

21-7-1996

அன்புள்ள நெட்டை அக்காவுக்கு,

இரண்டு கணக்கு கேட்டாய், பத்து அனுப்பியிருக்கிறேன். விடை எழுதவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் காரணம்.

பாட்டுக்குழுவில் உன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நீ பாடும் அந்த உச்ச இடம் வந்ததும் என் குரல் கதவு கிறீச்சிட்ட மாதிரி போயிற்று. ஜெப அறை முழுக்கச் சிரிப்பு. சமையல் சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஆண்டவரும் சிரித்திருப்பார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து பொடிசுகள் மாலை ஜெபத்தை நீட்டிக்கொண்டே போகிறார்கள். "நெட்டை அக்காவோட அம்மா வந்தாங்கல்ல, அதே மாதிரி எங்க அம்மாவும் வரணும்" என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் கேட்கிறாள். இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது. பெரிய சிஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு முகம் தெரியாது என்பதால், யாராக இருந்தாலும் சரி என்று கேட்கிறேன்.

உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. புதுத் தோழிகள் கிடைத்ததும் எங்களை மறந்துவிட்டாயா? யாராவது உன்னை 'நெட்டை' என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும். அது நான் வைத்த பேர்.

உன் வாயாடி

30-8-1996

செல்ல வாயாடிக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தம்பிக்குக் காய்ச்சல். இறக்கி விட்டால் அழுகை. தோளில் போட்டுக்கொண்டே நடந்ததில் அறையின் நீள அகலம் காலுக்குப் பாடமாகிவிட்டது. இப்போது சரியாகிவிட்டான்.

கணக்குகளைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். தாள் பழுப்பாக இருக்கிறதே என்று பார்க்காதே, சலவைக்கூடத்தில் துணி சுற்றும் தாள் அது. ஏழாவது கணக்கு வரவில்லை. எப்படிப் போடுவது என்று சிஸ்டரிடம் கேட்டு எழுது.

பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது.

பொடிசுகளுக்கு என் முத்தங்களைக் கொடு. விடாமல் ஜெபிக்கச் சொல்.

நெட்டை

12-9-1996

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை, பெரிய சிஸ்டர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் அவர்கள் படிக்கவில்லை. "ஒட்டியே குடு" என்றார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். "இவ பள்ளிக்கூடம் போறாளா?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்குன்னு எழுதியிருக்காளே சிஸ்டர்" என்றேன். "பள்ளிக்கூடம் போற பிள்ள உன்கிட்ட எதுக்குடி கணக்குக் கேக்குது?" என்றார்கள். எனக்குத் தலையில் குட்டு வைத்த மாதிரி இருந்தது. மறுநாளே, இதோ, குடையும் பையுமாகக் கிளம்பி நிற்கிறார்கள்.

நீ வந்துவிடுவாய், தெரியும். உன் பெட்டியை வைக்க அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன். பாட்டுக்குழுவில் தொல்லை விட்டது என்று என்னை எடுத்துவிட்டு உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள். கட்டில் அப்படியே இருக்கிறது. துணியை அள்ளிப் பெட்டியில் போடு, சிஸ்டரோடேயே பஸ் ஏறிவிடு. நான் கேட்டிலேயே நிற்பேன். எனக்கு உன்னைத் தேடுகிறது அக்கா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வாயாடி

13-9-1996

என் வாயாடிக்கு,

சிஸ்டர் அந்தப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கிளம்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நான் வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது உண்மை. தனி அறை என்று எழுதினேனே, அது சமையலறை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் அம்மா என்னைத் தேடி வந்தார்கள். இதை நான் வந்த மறுநாளே தெரிந்துகொண்டேன். உங்களுக்கு எப்படி எழுதுவேன்? நீங்கள் எல்லாரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் எந்த வாயால் சொல்வது?

சிஸ்டர் வந்ததும் அம்மா இஸ்திரிச் சூடு பட்ட கையோடு நின்றார்கள். சிஸ்டர் திட்டவில்லை. "பிள்ளைய இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார்கள். "ஆமா சிஸ்டர், இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேல முடிஞ்சு வரும்போது தெருமுனையிலேர்ந்து பாக்குறேன், ஜன்னல்ல இவ நிக்கிறா. இத்தன வருஷம் இவள விட்டுட்டு எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியல" என்றார்கள். அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"உன் இடம் அப்படியே இருக்கு. வரியா?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்கள். எனக்கு வர வேண்டும் வாயாடி. அந்த வரிசையில் நின்று முகம் கழுவ வேண்டும். உன் உளறலைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். பெட்டியைக்கூட எடுத்தேன். தம்பி தவழ்ந்து வந்து பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். எங்கோ அழைத்துப் போகிறேன் என்று அவனுக்கு ஒரே குஷி. நான் போனால் அவன் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பான் என்று நினைத்தேன். அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நமக்குச் செய்ததை நானே ஒரு குழந்தைக்குச் செய்ய மாட்டேன்.

சிஸ்டரும் அம்மாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். காலையில் தம்பியை அம்மா சலவைக்கூடத்துக்கே தூக்கிப்போய்த் துணி மூட்டை மேல் உட்கார வைத்துக்கொள்வார்கள். மதியம் நான் போய்த் தூக்கி வருவேன். அரை நாள் பள்ளிக்கூடம்.

கேட்டில் நிற்காதே. வெயில்.

நெட்டை

15-9-1996

நெட்டை அக்காவுக்கு,

கேட்டில் நின்றேன். சிஸ்டர் மட்டும் குடையோடு இறங்கினார்கள்.

உனக்கு அம்மா இருக்கிறார்கள், தம்பி இருக்கிறான். நான் யார்? பக்கத்துக் கட்டில்காரி. உன் கட்டிலை அந்தப் புதுப் பெண்ணுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். கூரை ஒழுகவில்லை.

இனி எழுத வேண்டாம்.

3-2-1997

என் வாயாடிக்கு,

இதற்கு முன் எழுதியவற்றுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுவேன். நீ படிக்கிறாய் என்று சிஸ்டர் ஒரு வரி போட்டிருந்தார்கள். எனக்கு அது போதும்.

ஏழாவது கணக்கு வந்துவிட்டது. வகுப்பில் எல்லாரையும்விட நான்தான் உயரம், வயதும் கூட. கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான். ராத்திரி தூங்குவதற்கு முன்னால் அவனுக்கு உன் கதைதான் சொல்ல வேண்டும். நீ சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கோபித்துக்கொண்டது நியாயம். என்னைத் தேடுகிறது என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தைத் தம்பிக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

உன் நெட்டை

16-3-1998

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நீ நலமா? போன ஞாயிறு கண்ணால் பார்த்துவிட்டேன், நலம்தான். கை மட்டும் சொரசொரப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை பார்வையாளர் நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியும். பின்கட்டில் துணி மடிப்பேன். காவலாளி கேட்டில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவது காதில் விழாத இடம் இல்லத்திலேயே அது ஒன்றுதான். அன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். பொடிசு ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா, உன் பேரத்தான் கூப்பிடுறாங்க. உனக்கு ஆள் வந்திருக்கு!" என்றது. "போடி, வேற யாரையாவது இருக்கும்" என்றேன். அதற்குள் இன்னும் நாலைந்து வந்து கையைப் பிடித்து இழுத்தன.

பார்வையாளர் அறையை நான் எத்தனையோ தடவை பெருக்கியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எவ்வளவோ திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். உன்னைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "பேசேன்டி" என்று நீ சொல்லச் சொல்ல, வாயாடிக்கு வாய் அடைத்துவிட்டது. உன் தம்பிதான் காப்பாற்றினான். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கர டப்பா எங்க?" என்று கேட்டானே!

நீங்கள் போன பிறகு காவலாளி என்னிடம் சொன்னார். நீங்கள் வந்ததும் "யாரப் பாக்கணும்?" என்று கேட்டாராம். நீ வாய் திறப்பதற்கு முன்னால் தம்பி, "எங்க இன்னொரு அக்கா" என்றானாம். அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

உன் அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. "உன் லெட்டர இவ சத்தமாப் படிப்பா, நானும் கேப்பேன்" என்றார்கள், அவ்வளவுதான். கிளம்பும்போது என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து நேராக்கினார்கள். இஸ்திரி போட்டுப் போட்டு வந்த பழக்கம் என்று நீ சிரித்தாய். இருக்கலாம். அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.

அப்போது நான் எழுதியதை மறந்துவிடு என்று எழுத நினைத்தேன். நீதான் இரண்டு பஸ் மாறி வந்து மறந்துவிட்டதைக் காட்டிவிட்டாயே.

நேற்று மறுபடியும் ஞாயிறு. நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பரீட்சை, அம்மாவுக்கு வேலை, அத்தனை தூரம். ஆனாலும் மடிக்க வேண்டிய துணிகளையெல்லாம் முன்வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காவலாளி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மெதுவாக மடித்தேன்.

உன் தங்கச்சி