நான்கரை மணி நேரம் சும்மா நின்ற வண்டி

"மேலே போயிட்டான்" என்று யாராவது சொன்னால், "நாம ஏற்கெனவே ஏழாயிரம் அடி மேலதானப்பா கெடக்கோம், இன்னும் எங்கிட்டுப் போறது?" என்று கேட்கக்கூடிய என் ஜமாலு மச்சானுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்டால் நன்றாயிருக்காது. நான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக விஷயத்துக்கு வருகிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? கொஞ்சம் ஊர்வம்பு பேசிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

ஏரிக்கரையில் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள் வாடகைக்காரர்களுக்கும் மறுபடி பேச்சுவார்த்தை இல்லை. மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும் அல்லவா, வந்து இறங்கி ரூமும் போட்டுவிட்டு என் கடைக்கு வந்து "இ-பாஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்கிற மகராசன்கள் கூடியிருக்கிறார்கள். மூஞ்சிக்கல் பக்கம் குரங்குகள் இப்போது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தந்தால்தான் வாங்குகின்றன.

உன் ஸ்வெட்டர் கடையில் உன் வீட்டுக்காரி பாத்திமா தங்கச்சி உட்காருகிறாள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த மறுவாரமே ஷட்டரைத் தூக்கிவிட்டாள். முதல் நாள் ஒரு சென்னைக்காரர் பாதி விலைக்குக் கேட்டாராம். இவளும் "எடுத்துக்கங்க" என்று கொடுத்துவிட்டாளாம். பக்கத்து சாக்லேட் கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். இப்போது தேறிவிட்டாள். நேற்று குரங்குக் குல்லா கேட்டு வந்தவரை இரண்டு ஸ்வெட்டரும் சேர்த்து வாங்க வைத்து அனுப்பினாள். நீ பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய்.

அந்தக் கடையில் வைத்துத்தான் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் ஒரு பொய் சொன்னேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைச் சொல்ல நம் மாநாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். உன் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்காக.

ரயிலே இல்லாத ஊரில் நான்கு ரயில் பைத்தியங்கள். நான் சுற்றுலாப் பயணிகளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். மாதம் ஒருமுறை பத்திரிகையில் தமாஷ் எழுதி சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்கிறவன். ஸ்டெல்லா டீச்சர் கணக்கு வாத்தியாரம்மா. பார்த்த எஞ்சின்களின் எண்ணையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருப்பவர். போளூர் செல்லையா கேரட் லோடு ஏற்றி இறக்கும் வேன்காரன். லெவல் கிராசிங் மூடியிருந்தால் சந்தோஷப்படுகிற ஒரே டிரைவர். நான்காவது நீ. கடையில் ஒரு சுவரில் மக்கா படமும் எதிர்ச் சுவரில் பழைய ரயில்வே கால அட்டவணையும் ஃபிரேம் போட்டு மாட்டியவன்.

வருடா வருடம் செல்லையா பாலக்காட்டுக்கு லோடு போகும்போது கேரளத்து பம்பர் சீட்டு ஒன்று வாங்கி வருவான். மூன்று பேர் பங்கு. நீ மட்டும் சேரமாட்டாய். "லாட்டரி எனக்கு ஹராம்டா. கனவு காண்றதுக்குத் தடையில்ல. பரிசு விழுந்தா நீங்க வண்டி விடுங்க, நான் டிக்கெட் எடுத்து ஏறிக்கிறேன்" என்பாய்.

குலுக்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பஸ் பிடித்து, கீழே கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பார டிக்கெட் எடுத்து, கடைசி பெஞ்சில் உட்காருவோம். அதற்குப் பெயர் செலவு மாநாடு. பரிசு விழுந்தால் என்ன செய்வோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி வர வேண்டும். ரயிலைத் தவிர வேறு எதற்கும் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது. எழுதியவர் படிக்கக் கூடாது. ஸ்டேஷன் அறிவிப்பாளர் குரலில் நான்தான் படிப்பேன். பிறகு ஆட்சேபங்கள். ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

செல்லையாவுக்குத் தன் கேரட்டை ஏசி முதல் வகுப்பில் அனுப்ப வேண்டும். "ஒரு கேரட்டுக்கு ஒரு தலகாணி" என்று எழுதியிருந்தான். டீச்சருக்கு ஓய்வுபெற்ற டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். சம்பந்தி வீட்டார் வரும்போது மட்டும் ஹாரன் அடிப்பாராம். எனக்கு ஒரு ஸ்லீப்பர் பெட்டி, ஏரியைப் பார்த்தாற்போல. அதை ராத்திரியெல்லாம் ஆட்ட இரண்டு ஆள், காலையில் "காப்பி, காப்பி" என்று கத்த ஒரு ஆள்.

போன வருடம் நீ எழுதிய தாள் இதோ என் முன்னால் இருக்கிறது. உன் கையெழுத்து, கடை பில்லின் பின்பக்கம்.

"கொடைக்கானல் – மதுரை. சுரங்கம், பாலம் போட்டு வளைவே இல்லாத பாதை. திங்கள், புதன், வெள்ளி மட்டும். கொடைக்கானல் புறப்பாடு காலை 5.00. மதுரை 7.00. மதுரையில் நான்கரை மணி நேரம் நிற்கும். மதுரை புறப்பாடு 11.30. திரும்பும்போது ஒரு கீழ் பெர்த் மட்டும் எனக்கு. வண்டியில் டீ, தண்ணீர் விற்கக் கூடாது."

நான் அறிவிப்பாளர் குரலில் இழுத்து இழுத்துப் படித்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். நாம் சும்மா விடுவோமா?

"கோடி கோடியா வச்சிக்கிட்டு வாரம் மூணு நாள்தான் வண்டியா? கஞ்சப் பயலே!" இது செல்லையா.

"பகல் வண்டிக்கு பெர்த் எதுக்கு ஜமால்?" என்றார் டீச்சர்.

"திரும்பையில சாஞ்சுக்கிட்டு வரலாம்ல டீச்சர்."

"ஒரு முழு வண்டி நாலரை மணி நேரம் மதுரையில சும்மா நிக்குதா? அந்த நேரத்துல திண்டுக்கல்லுக்கு ரெண்டு நடை அடிச்சிட்டு வந்துரலாம். உங்களுக்கு வண்டிய ஓட்டத் தெரியல."

"நிக்கட்டும் டீச்சர். அவ்வளவு நேரம் ஆகும்."

"எதுக்கு ஆகும்?"

நீ தண்டவாளத்தைப் பார்த்தாய். நான் புகுந்தேன். "டீயும் விக்காம, எங்கயும் போகாம, படுத்தே கெடக்குற வண்டி. இதுக்குப் பேரு சோம்பேறி எக்ஸ்பிரஸ்!" செல்லையா பெஞ்சிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தான். நீயும் சிரித்தாய். ஆட்சேபத்துக்குப் பதில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். எழுந்து போய் நான்கு டீ வாங்கி வந்தாய். மூன்றைக் கொடுத்தாய். நான்காவதைக் குடிக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறியதும் தண்டவாளத்து ஜல்லியில் ஊற்றினாய். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறவன். நான் பார்த்தேன் மச்சான். பார்த்துவிட்டு, அடுத்த மாதப் பத்திரிகைக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். "சோம்பேறி எக்ஸ்பிரஸ்" என்றே தலைப்பு. பெயரைப் போடவில்லைதான், ஆனால் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிற ரயில் பைத்தியம் என்றால் பஜாருக்குத் தெரியாதா? "என்ன பாய், சோம்பேறி எக்ஸ்பிரஸ் எப்பக் கெளம்புது?" என்று கீரை விற்கிறவர் வரை கேட்டார்கள். வாரம் மூன்று நாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கும்போது, "சரக்கு எடுக்கப் போறேன்" என்று நீ சொன்னபோது, "இத்தனை ஸ்வெட்டரையும் மலைக்கே போர்த்தப் போறியா?" என்று கேட்டது நான்தான். அதற்கு நீ கையை மட்டும் ஆட்டினாய். கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

தை மாதக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸுக்குப் போகவில்லை.

மையவாடியில் உன் மேல் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உன் மைத்துனர் சொன்னார்: ரெண்டு கிட்னியும் போயிருச்சு, தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கணும்னுட்டாக, வாரம் மூணு தடவை மதுரைக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வந்தாரு, முடிஞ்சதும் அந்த வளைவுகள்ல ஏற உடம்பு தாங்கல, மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. வாசலில் குடையோடு நின்றிருந்த ஸ்டெல்லா டீச்சரிடம் வந்து சொன்னேன். டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "திங்கள், புதன், வெள்ளி" என்றார். பிறகு மெதுவாக, "நாலரை மணி நேரம்" என்றார். செல்லையா வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும், ஏன் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மூன்று பேர். வண்டி நின்றால் காரணம் இருக்கும் என்பதுதான் நாம் கற்ற முதல் பாடம். உன் வண்டிக்கு மட்டும் காரணம் கேட்கத் தோன்றாமல் போனது எப்படி? டீச்சராவது கேட்டார். பதில் வருமுன் தமாஷ் பண்ணி மூடியது நான்.

இனி பாத்திமாவின் கேள்வி. அவள் இத்தாவில் இருந்தவரை நான் வாசல் பக்கம் போகவில்லை; மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி. போன வாரம் அவளே கூப்பிட்டாள். ஒரு ஸ்வெட்டரை மடித்தபடி ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"மாநாட்டுக்குப் போற அன்னிக்கு நான்தாண்ணே இவுகள நெருக்குனேன். கூட்டாளிககிட்டச் சொல்லுங்க, மதுரையில தங்க ஒரு எடம் பாத்துக் குடுப்பாக, பஸ்ஸுல இப்பிடி ஏறி எறங்குனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்னு. சொல்றேன்னு போனாக. வந்து, 'சொல்லிட்டேன் பாத்திமா'ன்னாக. என்ன சொன்னாகன்னு கேட்டேன். 'சிரிச்சாய்ங்க'ன்னாக." ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி மடித்தாள். "தைரியம் சொல்லத்தான் சிரிச்சிருப்பீகன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் நாலு மாசம்ணே. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே. தெரிஞ்சும் ஏண்ணே…"

மச்சான், அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்:

"எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லலையா?" பிறகு குனிந்துகொண்டாள். "அப்பப் பொய்தான் சொல்லியிருக்காக. இவுக எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லண்ணே."

அதே ஸ்வெட்டரை மூன்றாவது தடவை மடிக்க ஆரம்பித்தாள். நான் வந்துவிட்டேன்.

பார்த்தாயா என் சாமர்த்தியத்தை? என் தலை தப்ப வேண்டும் என்று, பேச முடியாத உன்னைப் பொய்யனாக்கிவிட்டு வந்தேன். நீ சொன்னாய். புறப்படும் நேரம், சேரும் நேரம், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம், திரும்பும்போது உட்கார முடியாது, தண்ணீர் கண்ணில் படக் கூடாது என்பது வரை சொன்னாய். எங்களுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொன்னாய்.

ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதே. நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? என் குரலில்தான் அந்தத் தாள் படிக்கப்படும் என்று உனக்குத் தெரியும். கண்டுபிடிக்க மாட்டார்களா என்று எழுதினாயா, கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று எழுதினாயா? டீ வாங்கப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாயே, அது எதற்கு?

டீச்சரின் தங்கை வீடு மதுரையில் இருக்கிறது. மாடி ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இதை டீச்சர் உன் மையவாடி வாசலில் வைத்துத்தான் நினைவுபடுத்திக்கொண்டார். பம்பர் பரிசு வேண்டாம், சுரங்கம் வேண்டாம், பாலம் வேண்டாம். ஒரு சாவி போதுமாயிருந்தது.

செல்லையா இந்த வருடத்துச் சீட்டை வாங்கி வந்துவிட்டான். தாளும் கொடுத்தான். அவன் எழுதியது வழக்கமான கேரட்தான், ஆனால் டீச்சர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "செல்லையா, இதென்ன ஏசி? ஒனக்கு மூச்சு கீச்சு வாங்குதா?" என்றார். "கேரட்டுக்கு டீச்சர்!" "ஒரு தலகாணின்னு இருக்கே, முதுகு வலியா?" "ஏலே, இந்தம்மாவ நீயாவது கேளுலே" என்று அவன் என்னைப் பார்த்தான். நான் அவனை வத்தலக்குண்டுக்கு அழைத்துப் போய் ரத்தம் பரிசோதித்துக் கூட்டி வந்தேன். ஒன்றும் இல்லை. எங்களுக்கு இனிமேல் ஒரு கனவையும் கனவாக மட்டும் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

இப்போது வாக்குறுதி. வரும் ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் வருமுன், உன் தாளை எடுத்துக்கொண்டு பாத்திமாவிடம் போகிறேன். அறிவிப்பாளர் குரலில் அல்ல, என் சொந்தக் குரலில் வரி வரியாகப் படிப்பேன். உன் புருஷன் பொய் சொல்லவில்லை தாயி, சொன்னார், நாங்கள் சிரித்தோம், நான் பெயர் வைத்தேன் என்று சொல்வேன். பிறகு இந்தக் கடிதத்தையும் படிப்பேன். அவள் சரி என்றால், சோம்பேறி எக்ஸ்பிரஸ் அச்சான அதே பக்கத்துக்கு இதை அனுப்புவேன். பஜார் முழுக்கப் படிக்கட்டும்.

அவள் ஷட்டரை இறக்கிவிட்டால் வெளியே நிற்பேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. நான்கரை மணி நேரம் நிற்கத் தெரிந்துகொள்ள வேண்டும் நானும்.

உன் அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை மச்சான். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவள் "அண்ணே" என்று கூப்பிட்டதால் உனக்கு மச்சானானவன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் கூப்பிட்டால் மட்டும் மச்சானாக மிஞ்சுகிறவன்,
கதிரேசன்