ஓட்டைப் பல் கட்டிங் பிளேயர்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். உன் மகள் ஒருநாள் கட்டிங் பிளேயர் கேட்டு என் உயிரை எடுப்பாள் என்று நீ இருக்கும்போதே கணித்தவன் நான். நடந்துவிட்டது. இரும்புக்கடை எண்ணெய் வாசனை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. சோறு கூட அந்த வாசனையோடுதான் இறங்கியது.

படூரில் ஃபிளாட் எடுத்திருக்கிறாள். சமையலறை பிளக் பாயிண்ட் ஆடுகிறது, உள்ளே ஒயர் கருகியிருக்கிறது. வெட்டிச் சீவித் தானே மாட்டுவாளாம். யாரிடம் சொல்கிறாள் பார். அணுபுரத்தில் அணுவைப் பிளக்கிறவர்களே பிளக் பாயிண்டுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இவளோ, "நீங்க வேணாம் மாமா, அப்பாவோட கட்டிங் பிளேயர் மட்டும் குடுங்க" என்கிறாள்.

நீ படுக்கையில் விழுவதற்கு முன்னால் அதை இரவல் வாங்கிப் போனவன் நான்தானே. "அது மாமல்லபுரத்துல கடல்ல வுழுந்துடுச்சு பாப்பா" என்றேன். தெரிந்தவர் ஓட்டல் மாடியில் விளக்கு மாட்டும்போது பனைமர உயரத்துக்கு ஓர் அலை எழும்பி வந்து கையிலிருந்து பிடுங்கிப் போனதை விவரமாகவே சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்" என்றாள்.

கேளம்பாக்கத்தில் நீ அதை வாங்கிய அதே கடைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு நீ படுத்திய பாட்டை நான் மறப்பேனா? திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம், பஸ் வருகிற நேரம். நீயோ ஒவ்வொன்றையும் மூடி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, வெட்டும் வாய்க்கு நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாய். ஒரே கையால் திறந்து மூடினாய். கைப்பிடி உறையை இழுத்துப் பார்த்தாய். கனமான, சிவப்பு உறை போட்டதை எடு என்று நான் சொன்னால், "உறைய நம்பாத மச்சான், மெயின ஆஃப் பண்ணு" என்று எனக்கே பாடம். கடைக்காரர் பொறுமையிழந்து, "அண்ணாத்த, பொண்ணு பாக்க வந்தியா, பிளேயர் வாங்க வந்தியா?" என்றார். "பொண்ணுக்கு இவ்ளோ பாக்கல" என்றாய். பந்தியில் நமக்கு ரசம்தான் கிடைத்தது.

உன் மகளும் அச்சு அசலாக அதையே செய்தாள். வெளிச்சம், கை, உறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், "இதுல வாயில சின்ன ஓட்டை இல்லியே" என்றாள்.

"புதுசுல ஓட்டை கேக்குறியே, இன்னாம்மா நீ?" என்றார் கடைக்காரர்.

அந்த ஓட்டை வந்த கதை அவளுக்குத் தெரியாது. மெயினை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்ன தைரியத்தில் நீ இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டினாய். நான் அணைத்தது பக்கத்து வீட்டு மெயின். டமார் என்ற சத்தத்தில் நீ தரையில். எழுந்ததும் என்னைத் திட்டாமல், உருகி ஓட்டை விழுந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இனிமே ஒயர் சீவ கத்தி வேணாம்" என்றாய். அதற்குப் பிறகு அந்த ஓட்டையில் வைத்துத்தான் சீவினாய், அவளும் பார்த்து வளர்ந்தாள்.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாள். பிளக் பாயிண்ட் இன்னும் ஆடுகிறது. திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி, "சீட்டு கீழ இன்னா மாமா சத்தம்?" என்றாள். "ஸ்பானர்" என்றேன்.

ஓட்டல், மாடி, விளக்கு, பனைமர அலை எல்லாம் சத்தியம் மச்சான். கடலில் விழுந்தது மட்டும் நான் இட்டுக்கட்டியது. அது சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்கிறது, நீ பின்னால் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருவது மாதிரி. அதையும் அவளிடம் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாத வண்டியை நான் எப்படி ஓட்டுவது, நீயே சொல்.