வாத்து மார்க் கத்தி

அக்டோபர் 4, வியாழன்

காலையில் மூட்டம். மழை இல்லை. தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து ஆவாரம்பட்டை வாசனை, தெரு முழுக்க.

துவைக்கப் போட்டதில் இவருடைய காக்கிச் சட்டை. பையின் அடியில் கிழிசல், அரை விரல் நீளம். கிழிந்தது அல்ல, அறுத்தது. நூல் பிசிறே இல்லை. போன வாரம் இதேபோல் ஒன்று தைத்தேன். அதற்கு முந்தின வாரம் ஒன்று. ஆக மூன்று.

கேட்டேன். "கத்தி பையில தானா தெறந்துக்குது" என்றார்.

காரணம் தெரிந்துபோயிற்று. சந்தையில் வாங்கிய மடக்குக் கத்தி. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மூடினால் மூடி நிற்கவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று விடமுடியாது. தரம் பிரிக்கும் கொட்டகையில் அவரவர் கத்தி அவரவர் பையில், மடக்கியபடிதான் இருக்கவேண்டும். கட்டு அவிழ்க்க, ஓரம் சீவ, அப்போது மட்டும் திறக்கலாம். திறந்த கத்தியோடு பதனிட்ட தோல்மேல் குனிந்து ஒரு கீறல் விழுந்தால் போதும், முதல் தரம் மூன்றாம் தரம். மேஸ்திரி இதில் கறார்.

இவருக்கு ஒரு மாதச் சோதனை. 15-ஆம் தேதி முடிகிறது. தேறினால் கொட்டகையிலேயே வேலை. நிழல், வெளிச்சம், ஈரமில்லாத தரை. தேறாவிட்டால் மறுபடி தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி. பதினாறு வருஷம் குழியில் நின்றாயிற்று. இனி இறங்கினால் நெஞ்சு தாங்காது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆகவே நல்ல கத்தி ஒன்று. நானே பார்த்து வாங்குவது. இவரிடம் சொன்னால் "இருக்கட்டும்" என்பார்.

பை தைத்தாயிற்று, உள்ளே ஒரு துண்டுத் தோல் வைத்து. துண்டு கொடுத்தது பக்கத்து வீட்டு ஜைபுன் அக்கா. அவள் வீட்டுக்காரரும் அதே கொட்டகையில்தான்.

ஸ்தோத்திரம்: துண்டுத் தோலுக்காக. குழியிலிருந்து ஒரு மாதமாவது மேலே ஏற்றினதற்காக.

அக்டோபர் 6, சனி

வெயில். உப்பு, மண்ணெண்ணெய், நூல்கண்டு, கத்தி.

மஜீத் பாய் இரும்புக் கடை. பலகைமேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கத்திகள் மீன் மாதிரி வரிசையாக.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"அவர் அனுப்பிச்சாரா?"

"இல்ல. அவருக்குத் தெரியாது."

"அய்யோ பாவம். அவருக்குத் தெரியாமத்தான் கத்தி வருதா."

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். நானும்தான்.

இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது. தமிழே சீயக்காய்ப் பொட்டலக் காகிதத்தைப் பார்த்துக் கற்றது. அலகில் அடித்திருக்கும் படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்:

யானை மார்க். ஜப்பான் சரக்கு. பளபளப்பு ஜாஸ்தி. ஆட்டினால் அலகு ஆடுகிறது. வேண்டாம்.

சாவி மார்க். ஜெர்மனி. எலும்புப் பிடி. இரண்டு அலகு. ஒன்றையே மூடி வைக்க முடியாதபோது இரண்டு எதற்கு.

நங்கூர மார்க். இங்கிலீஷ் சரக்கு. கொம்புப் பிடி, ஒரே அலகு. கெட்டி.

"சத்தம் கேளும்மா" என்று பாய் நங்கூரத்தை மடக்கினார். பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி. "இத பையில போட்டுக்கினு குதிரமேல போனாலும் தெறக்காது."

தொங்கவிட்ட காகிதத்தை அறுத்துப் பார்த்தேன். சணல் கயிறு, ஒரே இழுப்பு. அலகின் பள்ளத்தில் நகம் வைத்துத் திறக்கும்போது என் கட்டைவிரல் நகமே மடங்கிவிட்டது. ஸ்பிரிங் என்றால் அதுதான் ஸ்பிரிங்.

ரூ. 2-4-0. முட்டை விற்ற காசு. மனம் நிறைந்து கொடுத்தேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

ஆராதனை. காணிக்கை அரையணா. கோயிலுக்குள் ஒரு மைனா வந்துவிட்டது, துரத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்குப்பின் கத்தி. கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் அம்மா வழக்கம். கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ளவேண்டும். இதெல்லாம் வீண் நம்பிக்கை என்று உபதேசியார் சொல்லுகிறார். கர்த்தர் மன்னிப்பார், அம்மா மன்னிக்கமாட்டாள். டிரங்குப் பெட்டிமேல் வைத்தேன்.

இவர் உடனே எடுக்கவில்லை. உள்ளங்கையால் பெட்டி ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து மற்றக் கையில் விழவைத்துப் பிடித்தார். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி.

"நல்ல கத்தி, எஸ்தரு. ஒசத்தி" என்றார். திறந்து பார்க்கவில்லை. ஓய்வுநாளில் வேலைக் கருவி எதற்கு என்று விட்டார்போல. அந்த நினைப்பு எனக்கு வராமற்போயிற்றே என்று வெட்கம்.

அக்டோபர் 9, செவ்வாய்

நேற்று சாயங்காலம் பிடித்த மழை, இன்று மதியம்தான் விட்டது. விறகு ஈரம். அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவப்பு.

பை இரண்டு நாளாகக் கிழியவில்லை. ஸ்தோ. நங்கூரத்துக்கும் ஸ்தோ.

இவர் முன்பல்லில் ஓரம் உடைந்திருக்கிறது. உதட்டிலும் சின்னக் கீறல். "சோத்துல கல்லு" என்றார். பதினாறு வருஷத்தில் இவர் சொன்ன முதல் குறை. அரிசியை முறத்தில் போட்டு மூன்று தரம் புடைத்தேன். கல் ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி புடைத்தேன். என் கவனக்குறைவு. இனி அரிசி களையும்போது மனப்பாட வசனம் சொல்வதில்லை, கண்ணை அரிசியில் வைப்பது.

அக்டோபர் 10, புதன்

மூட்டம். கிணற்றடியில் ஜைபுன் அக்கா.

"எஸ்தரம்மா, கோவிச்சுக்கலன்னா ஒண்ணு சொல்லட்டா?"

"இன்னாக்கா?"

"எங்க ஊட்டுக்காரருக்குக் கட்டவெரல் வீங்கிப்போச்சு."

"ஏன்?"

"ஒங்க ஊட்டுக்காரர் கத்தியத் தெறந்து தெறந்துதான். பழசுன்னா பரவால்லியாம். காலைல ஒரு தபா தெறந்து குடுத்துட்டா, மேஸ்திரி கண்ணுல படாம சாயங்காலம் வரைக்கும் தெறந்தபடியே பையில வெச்சுக்குவாராம். இந்தப் புதுசு பெரிய பேஜாராம். லேசுல தெறக்குதா? அவரும் எத்தினி தபாதான் கேப்பாரு. திங்கக்கிழம பல்லால கடிச்சு இழுத்து..."

வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரே ஏன் தெறக்கக் கூடாது?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

ஜைபுன் அக்கா தன் கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "நகம் எங்கம்மா கீது அவருக்கு?"

எனக்குத் தெரியாததா. சுண்ணாம்பு தின்றுவிட்ட விரல்கள். குழி வேலைக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான். அந்த விரல்களுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன், துணி சுற்றியிருக்கிறேன். நகம் எதற்கு என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

கல் இல்லாத அரிசி. இன்று புடைக்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

வெயில். இவர் வேலைக்குப் போனபின், அம்மிக்கல்லில் என் நகங்களைத் தேய்த்தேன். பத்தும். சதைவரை. இரண்டு விரலில் ரத்தம், மஞ்சள் வைத்தாயிற்று.

பிறகு வேலையைப் பார்த்தேன். முடியாமற்போனவை:
பூண்டு உரிப்பது.
புளியில் கொட்டை எடுப்பது.
நூல்கண்டில் நுனி தேடுவது.
ரவிக்கைக் கொக்கி, பாதி.
ஊசியைத் தரையிலிருந்து எடுப்பது.
வேர்க்கடலை.

வேர்க்கடலையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். கலியாணமான நாள்முதல் கடலையை என்னிடம் நீட்டி "நீ உரிச்சுக் குடு" என்பார். கொஞ்சல் என்று நினைத்து உரித்துக் கொடுத்தேன். அதில் பெருமை வேறு.

காலணா ஒன்று பெட்டிமேல் கிடந்தது. எடுக்க வரவில்லை. விரல் வழுக்குகிறது. ஓரம்வரை தள்ளி மற்றக் கையில் விழவைத்தேன். விழுந்தபின்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

கர்த்தாவே, எனக்குக் கண் கொடுத்ததற்கு ஸ்தோ. கொஞ்சம் முன்னமே கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 12, வெள்ளி

ஷாப்பு லீவு. இவர் காலை ரயிலில் குடியாத்தம் போனார், தங்கை வீட்டுக்கு. சட்டைப் பையிலிருந்து நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஜும்மாவுக்கு முன்னதாகவே கடைக்கு.

"இன்னாம்மா, வூட்ல சண்டையா?"

"மாத்தணும் பாய்."

"இங்கிலீஷ் சரக்கும்மா. கொற சொல்ல எடமே இல்ல."

"கொற கத்திமேல இல்ல."

வாங்கிப் பார்த்தார். நகம் வைக்கும் பள்ளத்தருகே கொம்புப் பிடியில் தடம். "இது இன்னா, நாய் கடிச்சுதா?"

இரண்டு கையையும் பலகைமேல் விரித்து வைத்தேன். "எங்க வீட்டுக்காரர் கை இப்பிடித்தான். இதால தெறக்கற கத்தி வேணும்."

பாய் என் விரல்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சுண்ணாம்புக் குழியா?"

"பதினாறு வருஷம்."

"என்னப் பெத்த பாவாவும் குழிதாம்மா. சட்டப் பொத்தான் நான்தான் போட்டுவுடுவேன். தெரிஞ்ச நானே சத்தத்தக் காட்டி வித்துட்டேன் பாரு."

இருக்கிற கத்தி அத்தனையும் பலகைக்கு வந்தது. யானை, சாவி, கிளி, பிறை, பெயர் தெரியாதது. ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். ஆணி வாங்க வந்தவர் ஒருவர் நின்று பார்த்தார். "இன்னா பாய், மாவு பெசையற மாதிரி பெசையறாங்க."

"நீ ஆணிய எண்ணுய்யா" என்றார் பாய்.

பதினாலாவது, அடிப்பெட்டியிலிருந்து. வாத்து மார்க். மரப்பிடி. "இத யாரும் வாங்கறதில்லம்மா. மூடினாலும் அலகு முதுகு ஒரு நெல்லு அளவு வெளிய நிக்குது. வாய மூடாத கத்தின்னு சொல்லிட்டுப் போய்டறாங்க."

அந்த ஒரு நெல்லளவை இரண்டு விரல் சதையால் பிடித்து இழுத்தேன். வந்தது. வழுக்கவில்லை. இழுக்கத் தொடங்கும்போது இளகி, முழுக்கத் திறந்தபின் இறுகுகிறது. மூடினேன், திறந்தேன். எண்ணெய் தொட்டுக்கொண்டு திறந்தேன். அப்போதும் வந்தது.

தலைகீழாய் உதறினேன், திறக்கவில்லை. கத்தியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு குதிக்கும்படி பாயிடம் சொன்னேன். குதித்தார். இரண்டு தரம். ஆணிக்காரர் எண்ணிக்கை மறந்து முதலிலிருந்து எண்ணினார்.

கூர் நங்கூரத்துக்குக் கம்மிதான். சணலுக்கு இரண்டு இழுப்பு. ஆனால் கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். நகத்தைத் தீட்ட முடியாது.

வாத்து ரூ. 1-6-0. பல் பட்ட நங்கூரத்தை வாங்கின விலைக்கே எடுத்துக்கொண்டு பாக்கி 0-14-0 கொடுத்தார். வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்கவில்லை. பாய்க்காக இன்று தனியாக ஜெபம்.

அக்டோபர் 13, சனி

மேகம். இவர் புறப்படும் நேரம். பொத்தான் நான்தான் போட்டேன். எனக்கும் வழுக்கியது.

வாத்தைப் பெட்டிமேல் வைக்கப் போனேன். வைக்கவில்லை. அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"கைக்குக் கை குடுக்கறியே. சண்ட வரும்."

"வரட்டும்."

"இது இன்னா, வாத்தா?"

"தெறந்து பாருங்க."

கொஞ்சம் தயங்கினார். என்னை விட்டுத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு ஒரு சின்னச் சத்தம். மூடினார். மறுபடி சத்தம். அப்படி எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. திரும்பியபோது முகம் வேறாய் இருந்தது. சொல்லத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

என் விரல்களைப் பார்த்துவிட்டார்.

"இதுக்கு இன்னா ஆச்சு?"

"அம்மிக்கல்லு."

"அம்மிக்கல்லு நகத்தையா அரைக்கும்?"

"முந்தாநாள் அரைச்சுது."

வேலைக்குக் கிளம்பினார். தெருக்கோடி போகும்வரை அந்தச் சத்தம் கேட்டது. திறக்கிறார், மூடுகிறார்.

அக்டோபர் 15, திங்கள்

விடிந்ததுமுதல் மழை. வேலை ஓடவில்லை. சோறு குழைந்துவிட்டது. துணி காயவில்லை. ஜெபத்தில் ஒரே வாக்கியத்தை மூன்று தரம் சொன்னேன்.

ஜைபுன் அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னும் வர்ல?" "இன்னும் வர்ல."

ஐந்தரைக்கு வந்தார். முழுக்க நனைந்து. ஒரு காகிதப் பொட்டலம் மட்டும் சட்டைக்குள், ஈரம் படாமல்.

"இன்னா ஆச்சு?"

"மேஸ்திரி கத்திய வாங்கிப் பாத்தாரு."

"பாத்து?"

"இந்த வாத்த எங்கய்யா புடிச்சேன்னு கேட்டாரு. அவரு கட்டவெரல் நகமும் போன வருசமே போய்ட்டுதாம். அவருக்கும் ஒண்ணு வேணுமாம்."

"அத யார் கேட்டா? வேலை இன்னா ஆச்சு?"

"பேர் எழுதிட்டாங்க, எஸ்தரு. கொட்டாய்லதான். இனி குழி கெடையாது."

துவட்டத் துணி கொடுத்தேன். வாங்கவில்லை. ஈரத்தோடேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். வேர்க்கடலை. வழக்கம்போல் நான் கை நீட்டினேன்.

"ஒன் நகம் மொளைக்கிற வரைக்கும் இது என் வேல" என்றார்.

வாத்தைத் திறந்து, ஓட்டின் கீற்றில் நுனி வைத்து, ஒவ்வொன்றாய் உடைத்து, பருப்பை என் கையில் போட்டுக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தால் வாய் நிறையக் கடலை.