உள்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3
இன்றைக்கும் மாலை ஜெபத்தில் தம்பி வெள்ளத்துக் கதையைத்தான் வாசித்தான். வேறு அதிகாரமே இல்லையா என்று கேட்டால் முறைக்கிறான். ஒரே ஒரு குடும்பத்தை உள்ளே வைத்துப் பேழைக் கப்பலின் கதவைக் கர்த்தரே அடைத்தார் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, எங்கள் வாசல் கதவைப் பார்க்கிறான். தச்சு வேலை செய்கிறவன்தான், ஆனால் அது தச்சன் பார்வை இல்லை. அவன் மகள் பாப்பா லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் போனாள்.

"அன்பான ஆண்டவரு எப்படிடா அத்தனை பேரையும் தண்ணில விட்டாரு?"

"சொன்ன பேச்சு கேக்கலன்னா அப்படித்தான். இவளும் இந்தப் பக்கம் வரட்டும், காலை ஒடிக்கிறேன்."

மார்ச் 5
பாப்பா போன் பண்ணினாள். "அத்தை, அப்பாவுக்கு இன்னும் கோவமா?" பேச்சு கொழகொழவென்று இருந்தது, உதடு வீங்கினவள் மாதிரி.

"அடிச்சானாடி?"

"விழுந்துட்டேன்." பின்னால் ஆண் குரல். போன் கட்டாகிவிட்டது.

என் வாய் சும்மா இருக்குமா? தட்டு வைக்கும்போதே தம்பியிடம் கொட்டிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டான்.

மார்ச் 6
கோடாலி தீட்டுகிறான். மரமே வரவில்லையே, யாருக்கு?

மார்ச் 7
வேதத்தில் விரல் வைத்துத் தேடினேன். வெள்ளத்துக் கதையில் கர்த்தர் கோபப்பட்டார் என்று இல்லவே இல்லை. பூமியெல்லாம் கொடுமை, அவர் மனசு நொந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரிக்கா பாப்பாவை நினைத்து மனசு நொந்தது? பெத்தவனுக்குத்தானே. கொஞ்சம் தெம்பாக இருந்தது. அப்புறம் — அந்த நொந்த மனசுதானே அத்தனை தண்ணியையும் கொண்டுவந்தது?

பட்டறையில் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். கோடாலி இல்லை. தம்பியும் இல்லை.

மார்ச் 8
கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பாப்பாவுக்கு உதடு கிழிந்திருக்கிறது, ஒரு கண் திறக்கவில்லை. தம்பி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவன் லோடு ஏத்தப் போயிருந்தான். தப்பிச்சான்" என்றதோடு சரி. வந்த கையோடு வாசல் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் போட்டான்.

ஜெபத்தில் அதே கதை, அதே இடம். இத்தனை நாள் அந்தப் பேழைக் கதவுக்கு வெளியே, மூழ்கினவர்களோடு நின்றுதான் கேட்டிருக்கிறேன் போல. இன்று உள்ளே உட்கார்ந்து கேட்டேன்.

தெருமுனையில் லாரி வந்து நின்றது. கோடாலி தம்பியின் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"அக்கா, நீ ஜெபம் பண்ணு. என்னால இன்னைக்கு ஆகாது."

பண்ணினேன், கண்ணை மூடாமலே. பாப்பாவுக்காகக் கொஞ்சம். மீதியெல்லாம் அந்த லாரிக்காரனுக்காக — ஆண்டவரே, அவன் இந்தக் கதவைத் தட்டவேணாம், அப்படியே திரும்பிப் போகட்டும்.

எழுதும்போதும் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.