கரி பஸ்ஸின் கடைசிப் பலகை

உ
முனியப்பன் துணை

நாமகிரிப்பேட்டை
சுபானு வருஷம் ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி மகன் சரவணமுத்துவுக்கு உன் தாயார் முத்தாயம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே உன் ஐயனுக்கு மூட்டுவலி தவிர வேறு குறையில்லை, எனக்குக் கோபம் தவிர வேறு குறையில்லை, மாடு கன்றுகள் மழையைக் கண்டு தெம்பாக இருக்கின்றன. ஜபல்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், புத்திதான் நன்றாக இல்லை என்று உன் காகிதத்தைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. வழக்கமாக நமக்குக் காகிதம் எழுதித் தருகிற கணக்குப்பிள்ளை இப்போது உன் மாமன் கைலாசத்தின் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறான், அதனால் நானே எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் கடைசி வரை படி. பட்டாளத்தில் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கிற துரைக்குத் தமிழ் தெரிந்தால் அவரும் படிக்கட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

மாமன் எல்லாம் விவரமாகத் தெரியப்படுத்தினார், சாரதாமணியை முனி பிடித்தது நிஜமானால் நான் லீவில் வரும்வரை அவள் அவளுடைய அப்பன் வீட்டிலேயே இருக்கட்டும், மேற்கொண்டு வந்து யோசிக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, யோசிப்பாயா நீ? கட்டின பெண்டாட்டியை வைத்துக்கொள்ளலாமா தள்ளிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு அங்கே உனக்கு ரொட்டி போடுகிறார்களா? பகலெல்லாம் சர்க்கார் லாரியைப் பிரித்து மாட்டுகிற ஆள், ஒரு கரி பஸ்ஸில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கத் தெரியாமல் பேயைப் பற்றி யோசிக்கிறாய். மாமன் எதற்காக எழுதினான் என்றாவது யோசித்தாயா? அவன் மகளைக் கட்டாமல் ஆத்தூர்ப் பெண்ணைக் கட்டினாய் என்று மூன்று வருஷமாக அவனுக்கு வயிறு எரிகிறது, அந்தப் பெண்ணும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். இது தெரியாதவர்கள் நம் ஊரில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் மட்டும்தான், உன்னையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

பர்மா போனதோடு பெட்ரோலும் போயிற்று அல்லவா, அதனால் அவன் பஸ் இப்போது கரியில் ஓடுகிறது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றி ஊதினால் கேஸ் வருமாம், அந்தக் கேஸில் வண்டி ஓடுமாம். ஓடும் என்பது அவன் சொல்வது, நான் பார்த்த மட்டில் பாதி வழி ஜனங்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். இவனைப் போல நாலு முதலாளிகளின் வண்டி வயிற்றுக்குப் போதமலை அடிவாரம் மொட்டையாகிவிட்டது, கொல்லிமலைச் சரிவிலும் எங்கே பார்த்தாலும் மரத்தை அடுக்கிக் கரி சுடுகிற மூட்டம்தான், காலையில் புகை இறங்கி மஞ்சள் காட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, துவைத்துப் போட்ட வேட்டியில் கரும்புள்ளி இல்லாத நாளில்லை. தை மாதம் மஞ்சள் வேகவைக்க விறகுக்கு எங்கேடா போவது என்று கேட்டால், சேலத்து மில்லுக்கெல்லாம் மேட்டூர்க் கரண்டு வருதுங்கக்கா, நமக்கும் ஒருநாள் வந்துருமுங்க, அப்பறம் வெறகே வேண்டாமுங்க என்கிறான் அந்த மேதாவி. இங்கே விளக்குக்கு மண்ணெண்ணெயே அளந்து அளந்து ஊற்றுகிறார்கள், இவன் கரண்டில் மஞ்சள் வேகவைக்கப் போகிறானாம். இதில் பெண்பிள்ளைகளுக்கு மரியாதை வேறு செய்கிறான். கடைசிப் பலகையைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, ஆண்கள் கண் படாமல் இருக்கச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிட்டிருக்கிறான். அந்தப் பலகைக்கு ஒரு சாண் பின்னால்தான் அந்த இரும்பு அடுப்பு நிற்கிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை, அடுப்பிலிருந்து கசிகிற கேஸுக்கு மட்டும் வழி இருக்கிறது.

ஆத்தூர் ரோட்டில் கணவாய் ஏற்றம் ஏறுவதற்கு முன்னால் முனியப்பன் கோயிலடியில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து புதுக்கரி கொட்டி ஊதுவார்கள். அங்கேதான் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாய ஆரம்பித்தார்கள், தலை சுற்றும், முகம் செக்கச் செவேல் என்று ஆகும், வாந்தி வரும், வாய் குழறும். முனி வழி மறிக்கிறார் என்று உன் மாமன் சொல்லிவிட்டான், தேங்காய் உடைத்தார்கள், பிறகு கற்பூரம், பிறகு சேவல். பூசை நீள நீள வண்டி நிற்கிற நேரமும் நீண்டது, சாய்கிற பெண்களும் அதிகமானார்கள், அதைப் பார்த்துப் பூசையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள், இப்படியும் ஒரு கூட்டம். முன்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த ஒரு ஆம்பளையை அந்த முனி தொட்டதில்லை. நானும் முனியப்பனைக் கும்பிடுகிறவள்தான், உனக்கு முதல் மொட்டை அவர் சந்நிதியில்தான் போட்டேன். அவர் வேறு வேலையில்லாமல் கடைசிப் பலகைக்கு டிக்கெட் எடுத்தவளாகப் பார்த்துப் பிடிப்பாரா? ஆவணியில் நான் குமாரபாளையத்தில் உன் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தபோது சாரதாமணி அப்பனைப் பார்க்க ஆத்தூருக்குக் கிளம்பி, அங்கேதான் அவளும் சாய்ந்தாள். உன் மாமன் அந்த வண்டியில்தான் இருந்தான். முகத்தில் தண்ணீர் அடித்து நிழலில் காற்றுப்படப் படுக்க வைக்கக்கூடாதா, பூசாரி காத்தானைக் கூப்பிட்டு வேப்பங்கொத்தால் அடிக்கவிட்டு, உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, ரோட்டோரம் தன் காட்டில் நின்ற புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்து, முனியை மரத்தில் இறக்கியாயிற்று என்றான். அதோடு விட்டானா, அவளை அவள் அப்பன் வீரபாகுவின் வாசலில் இறக்கிவிட்டு, இந்தப் பொண்ணு இனி எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எங்க ஊடாம்! உன் ஐயனிடம் கேட்டேன், நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று. தலையைச் சொறிகிறார்.

உன் தங்கை தேறி, இந்த மாதப் பிறப்பில்தான் ஊர் திரும்பினேன், மறுநாளே நான் அந்த பஸ்ஸில் ஏறி அந்தக் கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எண்ணெய் விற்கிற சென்னம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும். கோயிலடியில் வண்டி நின்று கரி கொட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறித்தது, காதுக்குள் வண்டு புகுந்தது போல இரைந்தது, கால் என் கால் மாதிரி இல்லை, சென்னம்மாள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். செத்தாலும் சாகிறேன் என்று தார்ப்பாய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அறுத்துக் கீழே தள்ளினேன். காற்று வந்தது, முனி போய்விட்டார். நாங்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துகொண்டோம். உன் மாமன் ஓடிவந்து, அக்கா, உங்களையுமா புடிச்சிருச்சுங்க என்றான். ஆமாண்டா, நாளைக்கே உங்க மச்சானுக்கு வேற பொண்ணு பாரு என்றேன். ஆகவே மகனே, உன் தாயாரும் இப்போது பேய் பிடித்தவள்தான், லீவில் வரும்போது என்னையும் சேர்த்து யோசித்துக்கொள்.

இன்னும் கேள். போன வாரம் மலையில் மரம் வெட்டக்கூடாது என்று காட்டிலாகாக்காரர்கள் தடுத்துவிட்டார்கள், கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, உன் மாமன் என்ன செய்தான் தெரியுமா, முனியை இறக்கி ஆணி அடித்த அதே புளியமரத்தை வெட்டி மூட்டம் போட்டுவிட்டான். நானே போய்க் கேட்டேன், ஏண்டா, மரத்துல கட்டின முனி இப்ப வெளிய வந்துராதா என்று. வெட்டுகிற ஆட்கள் எதிரிலேயே சிரிக்கிறான், போங்கக்கா, மரத்துல என்னங்க இருந்துச்சு, ஆணிதான் இருந்துச்சு, கோடாலி வாயே மழுங்கிப் போச்சுங்க என்கிறான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். தூ, அவன் ஒரு நாளும் நம்பவில்லையடா. ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடுங்கி ஆணி அடிக்கும்போதும் நம்பவில்லை, உனக்குக் காகிதம் எழுதும்போதும் நம்பவில்லை. நம்பினவன் நீ ஒருத்தன்தான்.

மறுநாள் விடிந்ததும் நம் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு ஆத்தூர் போனேன். வீரபாகு என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு பாயைப் போட்டு அவளை வைத்திருந்தார்கள், தட்டும் செம்பும் தனி, தலையில் வெறும் தோலாகப் போன இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். கிளம்பு சாமி என்றேன், ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்து வண்டியில் ஏறினாள். கணவாய் தாண்டியதும் மெதுவாக, அத்தை, அவரு என்ன எழுதினாரு என்று கேட்டாள். எவன் முகத்துக்கும் பயந்து நான் பொய் சொன்னதில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். பேயும் இல்லை பிசாசும் இல்லை, அது கரிக்கேஸ் செய்த வேலை, உடனே போய் அவளைக் கூட்டிவந்து வீட்டில் வையுங்கள் என்று எழுதியிருக்கிறான் என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள். அவரு மோட்டார் வேலை தெரிஞ்சவரு, நம்பமாட்டாருன்னு எனக்குத் தெரியும் அத்தை என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே உன்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னாள், நான் அதை அடுப்பில் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

ஆகையால் இந்தக் காகிதம் கண்டவுடன் நீ சாரதாமணிக்கு எழுது. உறையின் மேல் என் பேரோ உன் ஐயன் பேரோ வேண்டாம், அவள் பேர் இருக்கட்டும். நீ எழுதியதாக அவளிடம் நான் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேனே, அதையே உன் கையால் எழுது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, நம்பிவிட்டேன் என்று உளறி வைக்காதே, அதை உயிருள்ளவரை அவளிடம் சொல்லாதே, அந்த அழுக்கு உன்னோடும் என்னோடும் போகட்டும். முனியப்பன் உன்னைக் குண்டடி படாமல் காப்பாற்றி, நல்ல புத்தி கொடுத்து ஊர் சேர்க்கட்டும். குளிருக்குக் கொடுத்த கம்பளியை விற்றுவிடாதே. தபால்காரன் வருகிற நேரத்துக்கு அவள் இப்போது தினமும் தலைவாரிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் தாயார்
முத்தாயம்மாள்