கோடு போட்ட தாள்

வந்தாறுமூலை
9.8.2000

அன்பு மகள் இராசாத்திக்கு, அம்மா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம், ஒல்லாந்தில் நீயும் சுகமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. கிடைத்த கதையைக் கேள். தபால் கந்தோரில் எடுத்துக்கொண்டு அப்பா சைக்கிளில் வர, சோதனைச் சாவடியில் உறையைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே ஒரு தாளில் புள்ளி புள்ளியாய் வானத்துப் படம், மற்றதில் வளைந்து வளைந்து கோடுகள், கடிதம் முழுக்க றேடியோ, றேடியோ என்று நீ. போதாதா? இங்கே டோர்ச்சுக்குப் போடும் பற்றறி கொண்டுபோனாலே விளக்கம் கேட்கிறார்கள், என்ன படித்த பிள்ளையோ நீ. அப்பாவைப் பகல் முழுக்க வெயிலில் இருத்திவிட்டார்கள். நான் வாசலுக்கும் றோட்டுக்கும் நடந்தே செத்தேன்.

பின்னேரம் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி வந்து இது எந்த இடத்து வரைபடம் என்று கேட்டாராம். இது என்ட மகள்ட படிப்பு ஐயா என்று அப்பா நீ எழுதியதையே ஒப்பித்திருக்கிறார். பெரிய கமரா ஒன்று வானம் முழுவதையும் படம் பிடித்துக் கணக்கெடுக்கிறது, ஆனால் தூசு மறைத்த இடத்து வெளிச்சம் அதற்கு வராது, றேடியோ அலை அந்தத் தூசையும் கடந்து வரும், அதைத்தான் இந்தத் தாளில் கோடாய் வரைந்திருக்கிறது, அலை மட்டும் இருந்தாலும் போதாது, அது எதிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் என்று அறியப் படம் வேண்டும் என்று. சொல்லிவிட்டு இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேரே பிடித்தாராம். படத்தில் மங்கலாய்க் கிடந்த ஒரு சின்னப் பொட்டின் இரண்டு பக்கமும் கோடுகள் செட்டை விரித்து நின்றனவாம். அந்த மனிதர் கனநேரம் பார்த்துவிட்டு அப்பாவை விட்டுவிட்டார். படத்தைத் தந்தார், கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டார்.

தம்பி எங்கே என்று நாலாம் தரமும் கேட்டிருக்கிறாய். கனகசிங்கம் கரடியனாற்றில் சின்னத்தங்கம் மாமி வீட்டில் நிற்கிறான், வெள்ளாமை வெட்டுக்குப் போனவன், நல்ல சுகம். வெட்டு முடிந்து வயல் வட்டையில் மாடு மேய்கிறது, அதுவும் உண்மைதான். இதற்கு மேல் கடிதத்தில் எழுத வராது பிள்ளை, உனக்கு முன்னே இதைப் படிக்கிறவர்களுக்கும் என் வணக்கம். எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாமல் இருக்கிறது. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன், நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடுகிறேன்.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே பின்னேரம் நாலு மணிக்கு ஏறாவூர் கபூர் நானாவின் கொமினிகேசன் கடைக்குப் போன் எடு, ஒவ்வொரு ஞாயிறும் போய்க் காத்திருப்பேன். அங்கேயும் இதே சொற்களைத்தான் சொல்லுவேன். நீ சொல்லை விட்டுவிட்டு என் குரலைக் கேள். பிறகு இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார், உனக்குத்தான் அந்தப் படிப்புத் தெரியுமே. வேளைக்குச் சாப்பிடு. தாள் ஒன்றும் இனி அனுப்பாதே. பிள்ளையார் உன்னையாவது கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

தம்பி நல்ல சுகம்.

உன் அம்மா
புஸ்பம்