ஞாயிறு கணக்கில் சேராது

1951, ஜனவரி 30, செவ்வாய்

நந்தி வரை பதினாலு நிமிஷம். எழுநூறு படி, எங்கும் நிற்கவில்லை. முப்பத்தொன்பது வயசுக்கு மோசமில்லை, டோரதி.

நந்தியடியில் கெம்பம்மா இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு வேண்டுதல். படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவி, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே சாமுண்டி மலை உச்சி வரை போக வேண்டும். நான் சைக்கிளை அடிவாரத்தில் போட்டுவிட்டு ஏறத் தொடங்கும்போதே அவள் பாதி மலையில் இருப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லாத மகளுக்கு இப்போது பிறந்திருக்கிறது. அதற்குத்தான் இத்தனை குனிதலும்.

என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "மாத்தாடி டீச்சரம்மா, மாத்தாடி!" பேசுங்கள் என்கிறாள். ஏறி வந்த அதே மூச்சில் நான் பேசிக் காட்ட வேண்டும். திணறினால் தோற்றேன். அவளிடம் கடிகாரம் கிடையாது, ஒருத்தியின் நெஞ்சு உரத்தை அளக்க அவளுக்கு இதுதான் கருவி. இன்று கோலாரிலிருந்து அண்ணி எழுதிய கடிதத்தை, ஒரு இழுப்புக்கூட இழுக்காமல் ஒப்பித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்து குங்குமம் கொட்டியது.

மிச்சப் படிகளைச் சேர்ந்து மெதுவாக ஏறினோம். குங்குமத் தட்டை நான் தொடுவதில்லை, அவளும் நீட்டியதில்லை. தண்ணீர்ச் செம்பு மட்டும் என் கையில் இருக்கும்.

பிறகு பள்ளிக்கூடம். காலை முதல் சாயங்காலம் வரை டிரில் கிளாஸ், விசில், வெயில். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. ஆம்பளை டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும்.

பிப்ரவரி 7, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் இன்னும் இருக்கிறது. சாமியார் இன்றைக்குப் பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். விட்டால் வலிக்காததை விட்டுவிட்டுத் தபசு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றார்.

தையல் டீச்சர் மோலி பாஸ்கு வரை, அதாவது ஈஸ்டர் வரை, சர்க்கரை இல்லாமல் காப்பி குடிக்கப் போகிறாளாம். நான் எதை விடுவது? கறி மாசத்துக்கு ஒருதரம். சினிமா கிடையாது. நகை கிடையாது. பூசை முடிவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்து பார்த்தேன்.

மலை. வேறென்ன இருக்கிறது என்னிடம்?

பாஸ்கு வரை படி ஏறுவதில்லை. கர்லாக்கட்டை கட்டிலடியில். ஸ்கிப்பிங் கயிறு பெட்டியில். பள்ளிக்கூடத்து டிரில் உத்தியோகம், அது சேராது. அதிலும் குதிப்பது பிள்ளைகள்தான், நான் விசில்தான் ஊதுகிறேன்.

பயமாக இருக்கிறது. பதினாலு வருஷமாகக் கட்டிய உடம்பு. நாற்பது நாளில் எல்லாம் வடிந்துபோனால்?

கெம்பம்மாவிடம் சொல்லவில்லை. நேற்றுதான் பார்த்தோம், இன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை அவளே புரிந்துகொள்வாள் — என்னத்தைப் புரிந்துகொள்வாள்? அவளுக்குத் தபசு காலம் தெரியுமா, விபூதிப் புதன் தெரியுமா?

பிப்ரவரி 9, வெள்ளி

அலாரம் வைக்காமலே நாலு மணிக்கு விழிப்பு. படுத்தபடி கூரை ஓடுகளை எண்ணினேன். மண்டி மொஹல்லாவில் அந்த நேரத்துக்கு மூட்டை வண்டிச் சத்தம் மட்டும்தான். இந்நேரம் முந்நூறாவது படி. இந்நேரம் நந்தி.

பிப்ரவரி 13, செவ்வாய்

பிள்ளைகளிடம் லெஃப்ட் ரைட் சொன்னதைத் தள்ளிவிட்டால், இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

தையல் டேப்பை மோலியிடம் வாங்கித் தொடையை அளந்தேன். அரை அங்குலம் குறைந்திருக்கிறதா, நான்தான் இழுத்துப் பிடித்தேனா? இன்னொரு தரம் அளந்தால் வேறு அளவு. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பள்ளி மாடிப்படியில் வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன், வேகமாக ஏறினால் அது உடற்பயிற்சியாகிவிடுமே என்று. பைத்தியம்தான் எனக்கு.

"என்னடி இது, நிம்மதியாத் தூங்கு. இத்தனை வருஷம் ஓடினது போதாதா?" என்றாள் மோலி. அவளுக்கு வீட்டில் நாலு பேர் காத்திருக்கிறார்கள், தூங்கலாம். எனக்கு விழித்தால் போவதற்கு ஒரு இடம் வேண்டும்.

பிப்ரவரி 17, சனி

பாவசங்கீர்த்தனம். "தபசை நினைக்காமல் உடம்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், சுவாமி" என்றேன். என்ன விட்டாய் என்று கேட்டார். சொன்னேன். கிராதிக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். சிரித்திருக்கிறார்!

"ஞாயிற்றுக்கிழமை தபசில் சேராதென்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? நாற்பது நாளை எண்ணிப் பாரேன்."

வீட்டுக்கு வந்து காலண்டரை வைத்து எண்ணினேன். ஞாயிறுகளைச் சேர்த்தால் நாற்பத்தாறு. ஞானோபதேசத்தில் பதினோரு வயசில் படித்தது! பிடிவாதம் வந்தால் எனக்குப் படித்தது எதுவும் நினைவிருக்காது.

பிப்ரவரி 18, ஞாயிறு

முதல் பூசை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்தேன். நந்தி வரை பதினாறு நிமிஷம். ஐந்நூறாவது படியில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. பதினோரு நாளுக்கு இரண்டு நிமிஷம் அபராதம்.

ஏறி நின்றேன். யாரும் மாத்தாடி என்று சொல்லவில்லை. இன்று ஞாயிறு, அவள் வரமாட்டாள் என்று தெரிந்துதான் வந்தேன். இருந்தாலும் ஒரு நிமிஷம் காத்திருந்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பதினைந்து நிமிஷம். வலி இல்லை. ஆனால் இன்றைக்கு அதைப் பற்றி எழுத மனமில்லை.

படிகளில் இரண்டிரண்டு பொட்டு. மஞ்சள் தடவி அதன்மேல் வைத்தது கெம்பம்மாவுடையது, எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இன்னொன்று, வெறும் குங்குமம். யாரோ ஒரு அவசரக்காரி, மஞ்சள் தடவக்கூடப் பொறுமையில்லை. கீழிருந்து உச்சி வரை இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. ஆக, துணை கிடைத்துவிட்டது. நான் போய் மூன்று வாரம் ஆகவில்லை. தண்ணீர்ச் செம்பை இப்போது அவள் தூக்குகிறாள் போலிருக்கிறது.

பொறாமையா? ஆமாம், பொறாமைதான். எழுதினால் என்ன.

மார்ச் 4, ஞாயிறு

பதினாலரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அது போதும் என்கின்றன கால்கள். ஒரு நாள் விட்டால் போச்சு என்று பதினாலு வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டி வந்திருக்கிறேன்.

நந்தியடியில் தேங்காய் விற்கும் சித்தையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் இல்லை. சிவராத்திரி வியாபாரத்துக்காகக் கடை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "எங்கே போயிட்டீங்க டீச்சரம்மா? அந்தம்மா கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு" என்றான். கெம்பம்மாவின் வேண்டுதல் வருகிற செவ்வாய், சிவராத்திரியோடு முடிகிறதாம். மறுநாளே குண்டலுபேட்டைக்கு மகளோடு இருக்கப் போய்விடுகிறாளாம். பேரனைப் பார்த்துக்கொள்ள.

"ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

காலடியில் அந்த இரட்டைப் பொட்டு. "ஒன்றும் இல்லை" என்றேன்.

மார்ச் 5, திங்கள்

ஏன் ஒன்றும் இல்லை என்றேன்? ஏன்?

போகலாமா? நாளை ஏறினால் தபசு முறிந்தது. ஏறாவிட்டால் அவளை இனிப் பார்க்க முடியாது. ஆண்டவரிடம் கொடுத்த வாக்கு. ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா, என் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருக்க? அப்படி நினைத்து விட்டுவிடவும் முடியவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றுவது வாக்கு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் நான் என்ன ஆள்?

ஒரு வழி தோன்றுகிறது. படி ஏறுவதில்லை என்றுதானே சொன்னேன். அடிவாரத்தில் நிற்கலாமே. இறங்கி வரும்போது பிடித்துக்கொள்ளலாம்.

மார்ச் 6, செவ்வாய், சிவராத்திரி

ஐந்து மணிக்கே அடிவாரத்தில் நின்றேன். முதல் படிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். முதல் படியில் அவளுடைய பொட்டு ஈரமாக இருந்தது, அப்போதே போய்விட்டிருக்கிறாள். அதன் பக்கத்தில் மற்றதும். எட்டரை வரை நின்றேன். இறங்கி வரவே இல்லை. அடித்துப் பிடித்துப் பள்ளிக்கூடம் போனேன். இரண்டாவது பீரியடில் நடுமைதானத்தில் மண்டையில் உறைத்தது. ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற பண்டிகைக்கு வந்தவள் காலையிலேயே இறங்குவாளா? விடிய விடிய மேலேதான் இருப்பாள். பதினோரு வருஷம் இந்த ஊரில் இருந்து என்னத்தைக் கண்டேன்! அவளும் இன்று பட்டினி, நானும் ஒருசந்தி. மலைக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.

மார்ச் 7, புதன்

விடியலிலும் பள்ளி நேரம் வரை அடிவாரத்தில் நின்று பார்த்தேன், அவள் இறங்கவில்லை. பள்ளி விட்டதும் அக்ரஹாரத்துக்குப் போனேன். அங்கே ஏதோ ஒரு வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறாள் என்பது மட்டும் தெரியும். எந்தத் தெரு என்று ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? தெருவுக்கு நாலு வீட்டில் ஊதுபத்தி. எல்லா வீட்டிலும் அவள் புடவை வாசனை அடிக்கிறது. ஒரு வீட்டில், "கெம்பம்மாவா? மத்தியானம் பஸ்ஸுக்குப் போயிட்டாளே" என்றார்கள்.

மார்ச் 18, குருத்து ஞாயிறு

பதினாலு. பொட்டெல்லாம் காலடி பட்டு மங்கிவிட்டது.

மார்ச் 25, பாஸ்கு

அல்லேலூயா. மோலி காப்பியில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தாள். அண்ணனிடமிருந்து வாழ்த்து அட்டை. மத்தியானம் தனியாகப் பிரியாணி சாப்பிட்டேன், பாதி மீந்தது.

மார்ச் 27, செவ்வாய்

பதின்மூன்றே முக்கால்! நாற்பது நாள் ஓய்வுக்குப் பிறகு முன்னைவிட வேகம். உடம்பு போகவில்லை, ஒரு துளிகூடப் போகவில்லை. யாரிடம் சொல்வது? நந்தியடியில் நின்று, "இன்று பதின்மூன்றே முக்கால், நன்றாக இருக்கிறேன், மூச்சு வாங்கவில்லை" என்று சத்தமாகப் பேசினேன். ஒரு குரங்கு திரும்பிப் பார்த்தது. அப்புறம் அழுகை வந்தது.

சித்தையன் பார்த்துவிட்டான். தேங்காய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். "சிவராத்திரி விடிஞ்சும் அந்தம்மா இறங்கலை. வெயில் ஏறுற வரைக்கும் இதோ, இந்த நந்தியடியிலேயே உட்கார்ந்திருந்தாங்க. டீச்சரம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னு நானும் சொன்னேன். நல்லா இருந்தா ஏன் வரலைன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?"

அவனால் என்ன சொல்ல முடியும்? நான்தானே ஒன்றும் இல்லை என்றேன்.

அவனிடம் விலாசம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். குண்டலுபேட்டை, சந்தைக்குப் பின்னால், மாப்பிள்ளை சந்திரன், வெல்லக் கடை.

ஏப்ரல் 10, செவ்வாய்

கோடை விடுமுறை விடட்டும்.

ஏப்ரல் 21, சனி. குண்டலுபேட்டை

பஸ் இரண்டு மைல் முன்னாலேயே புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் கான்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

வெல்லக் கடைக்குப் பின்னால்தான் வீடு. கெம்பம்மா முற்றத்தில் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து, தொடலாமா என்று யோசித்து, கையைத் தலைப்பில் துடைத்து, அப்புறமும் தொடாமல் நின்றாள். நான்தான் அந்தக் கையைப் பிடித்தேன்.

தபசு, விபூதிப் புதன், ஞாயிறு, அடிவாரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். "இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஞாயித்துக்கிழமை வந்திருப்பேனே" என்றாள். எனக்கு அதுவரை அப்படித் தோன்றவே இல்லை.

காப்பி குடித்தோம். என் நாக்கு சும்மா இருக்குமா? "உங்களுக்கென்ன, என் இடத்துக்கு உடனே வேறு ஆள் சேர்த்துக்கொண்டீர்கள்" என்றேன்.

"யாரை?"

"படிக்கு இரண்டு பொட்டு இருந்ததே."

என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், குழந்தை மிரண்டு அழுகிற அளவுக்கு. "ஐயோ டீச்சரம்மா! ரெண்டும் நான் வச்சதுதான். ஒண்ணு என் மகளுக்கு, ஒண்ணு உங்களுக்கு. ஜுரமோ என்னமோன்னு பயந்துபோயிட்டேன். உங்க சாமி கோவிச்சுக்கப் போறார்னு உங்களோடதுக்கு மஞ்சள் மட்டும் தடவலை."

ஆயிரம் படி. படிக்கு இரண்டு தரம் குனிந்திருக்கிறாள். அந்தப் பொட்டுகளின் மேல்தான் நான் ஞாயிறு தோறும் நிமிஷக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

"மாத்தாடி டீச்சரம்மா, மாத்தாடி" என்றாள்.

வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் வந்தது. பாயில் உட்கார்ந்தபடி, ஒரு படிகூட ஏறாமல், என்னால் பேச முடியவில்லை.

"தோத்துட்டீங்க" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.